நானா? நானில்லை!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரிய மாமா போன் செய்தார்.

"மாப்ள, நீதான் பத்திரிகையில எழுதுறியே... உங்க தாத்தா பேர்ல பள்ளிக்கூடத்துக்குப் பத்து பெஞ்சு வாங்கித் தர்றோம். செவுத்துல ஒரு கல்லு வைக்கணும். 'இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் குண்டடி பட்ட வீரர்'னு போடலாம்னு இருக்கேன். வார்த்தை சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு."

வார்த்தையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. விஷயம் சரியா என்றுதான் எனக்கு ஒரு சின்ன சந்தேகம். "மாமா, தகரப் பெட்டியில தாத்தாவோட மிலிட்டரி காகிதம் இருக்குமே, அதை ஒரு தடவை பாத்துடலாமே?" என்றேன். மாமாவின் பேரன் அன்றைக்கு மதியமே எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான். மொத்தம் ஆறு தாள். ஓரமெல்லாம் பூச்சி தின்றது போக, நடுவில் எழுத்து நன்றாகவே இருந்தது.

இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு வரிகூட வாக்கியமாக இல்லை. பி.டி., எம்.டி., என்.ஒய்.டி., மறுபடி பி.டி., மறுபடி பி.டி. கடைசியில் 3 எஃப்.பி. என்று ஒன்று.

எங்கள் குடும்பத்தில் இதற்கெல்லாம் ஏற்கெனவே பொழிப்புரை உண்டு. எம்.டி. என்றால் மோட்டார் டிரான்ஸ்போர்ட். ஆகவே தாத்தா ராணுவத்தில் லாரி ஓட்டினார். பி.டி. என்றால் வாத்தியார் படிப்பு. ஆகவே ராணுவத்திலேயே ஏதோ பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் "அந்த மனுஷன் சைக்கிள் ஓட்டிக்கூட நான் பார்த்ததில்ல" என்று சொல்வதும் இதே மாமாதான்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ராணுவ மருத்துவப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் வாக்கிங் போகிறவரை மடக்கி, போனை நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். "இது மெடிக்கல் ஷீட் சார். மோட்டாரும் இல்ல, வாத்தியாரும் இல்ல. உங்க தாத்தா பாதி நாள் காய்ச்சல்ல கிடந்திருக்கார்" என்றார்.

பி.டி. என்பது பினைன் டெர்ஷியன். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் நடுக்கம் கொடுக்கும் மலேரியா. பினைன் என்றால் சாதுவானது என்று அர்த்தமாம். பெயர் வைத்தவருக்கு அந்தக் காய்ச்சல் வந்ததில்லை என்று நினைக்கிறேன். எம்.டி. என்பது மாலிக்னன்ட் டெர்ஷியன். மூளைவரை போய் ஆளையே கொல்லக்கூடியது. என்.ஒய்.டி. என்றால் 'நாட் யெட் டயக்னோஸ்ட்', என்ன வியாதி என்று இன்னும் தெரியவில்லை. துப்பாக்கிக் குண்டோ ஷெல் சிதறலோ பட்டிருந்தால் ஜி.எஸ்.டபிள்யூ. என்று இருக்கவேண்டும். ஆறு தாளிலும் தேடினோம். இல்லை.

மாமாவிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வெறும் மலேரியாவா மாப்ள?" என்றார்.

அந்த 'வெறும்'தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. மாமா மேல் இல்லை. அவரை அப்படிக் கேட்கவைத்தவர்கள் மேல்.

பர்மா எல்லையில் பதினான்காவது ராணுவத்துக்குத் தலைமை தாங்கிய தளபதி வில்லியம் ஸ்லிம், தன் போர் நினைவுகளை 1956-ல் புத்தகமாக வெளியிட்டார். 1943-ம் வருடத்துக் கணக்கை அதில் கொடுத்திருக்கிறார். காயம்பட்டு ஒரு ஆள் பின்னால் அனுப்பப்பட்டால், நோய்வாய்ப்பட்டு அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். ஒன்றுக்கு நூற்றிருபது! மலேரியா மட்டுமே வருடத்துக்கு நூற்றுக்கு 84 என்ற விகிதத்தில் தாக்கியிருக்கிறது. ஜப்பான்காரனைவிட அவர்களுக்குப் பெரிய எதிரி கொசு.

கொய்னா கிடைக்கவில்லை. கொய்னாவின் தாயகம் மாதிரி இருந்த ஜாவா தீவை 1942-லேயே ஜப்பான் பிடித்துவிட்டது. அதற்குப் பதில் மெப்பாக்ரின் என்று ஒரு மஞ்சள் மாத்திரை. தினம் விழுங்கினால் தோலே மஞ்சளாகிவிடும். ஆண்மை போய்விடும் என்று வதந்தி வேறு. சிப்பாய்கள் துப்ப ஆரம்பித்தார்கள். ஸ்லிம் என்ன செய்தார் தெரியுமா? திடீர் திடீரென்று ரத்தப் பரிசோதனை வைத்தார். ஒரு படைப்பிரிவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ரத்தத்திலாவது மாத்திரை இல்லையென்றால், அந்தப் பிரிவின் கமாண்டிங் ஆபீசருக்கு வேலை போச்சு. மூன்று பேரை அனுப்பிய பிறகு மற்றவர்களுக்குப் புத்தி வந்ததாம். வியாதியைப் போர்க்களத்து விவகாரமாகவே நடத்தினார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தாத்தா சேர்ந்தது பயனியர் கம்பெனியில். ரோடு போடுவது, விமானத் தளத்துக்கு மண் வெட்டுவது, மூட்டை இறக்குவது. துப்பாக்கி பிடித்தவன் பதுங்கு குழியில் இருந்தான் என்றால் இவர்கள் தேங்கிய தண்ணீரில் நின்றார்கள். யாரைக் கொசு கடிக்கும்?

சரி, ஆறாவது தாளுக்கு வருகிறேன். எல்லாச் சங்கதியும் அதில்தான் இருக்கிறது.

நான் மருத்துவம் படித்தவனில்லை. பி.காம். ஆனால் ஒரு பேரேட்டைப் படிக்கத் தெரியும். ஆரம்ப இருப்பு என்ன, இறுதி இருப்பு என்ன, நடுவில் என்ன வந்தது, என்ன போனது, யார் கணக்கில் பற்று வைப்பது... மூன்று வருடம் இதைத்தானே படித்தோம்.

முதல் தாள், 1942-ல் ஆளெடுக்கும்போது எழுதியது. உயரம், எடை, மார்பளவு. பிறகு 'ஸ்ப்லீன் என்.பி.' என்று ஒரு குறிப்பு. கர்னல் சொன்னார்: மண்ணீரல், கைக்குத் தட்டுப்படவில்லை. அதாவது நார்மல். மண்ணீரல் வீங்கினால்தான் வயிற்றில் கையை வைத்து அமுக்கும்போது தெரியுமாம். திரும்பத் திரும்ப மலேரியா வந்தால் அது வீங்கும்.

ஆறாவது தாள், 1946-ல் வெளியே அனுப்பும்போது எழுதியது. 'ஸ்ப்லீன் 3 எஃப்.பி.' மூன்று விரற்கடை. விலா எலும்புக்குக் கீழே மூன்று விரல் அகலம் மண்ணீரல் இறங்கியிருக்கிறது.

ஆரம்ப இருப்பு பூஜ்யம். இறுதி இருப்பு மூன்று விரற்கடை. நடுவில் பி.டி. நான்கு தடவை, எம்.டி. ஒரு தடவை, எல்லாம் தேதி போட்டு, ஆஸ்பத்திரி நம்பர் போட்டு. வவுச்சர் பக்காவாக இருக்கிறது சார்! பிளஸ் டூ காமர்ஸ் பையனைக் கூப்பிட்டுக் கேளுங்கள், யார் கணக்கில் பற்று வைக்கவேண்டும் என்று.

அதே தாளில் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி அச்சடித்திருக்கிறது. இந்த உடல்நலக் குறைவுக்கு ராணுவ சேவை காரணமா? பதில், மையில், இரண்டே எழுத்து. என், ஓ. நோ! இதற்கு மட்டும் சுருக்கம் தேவைப்படவில்லை. பக்கத்தில் சின்னதாக 'ஹோம் எண்டெமிக்' என்று ஒரு விளக்கம். சொந்த ஊரே மலேரியா பிரதேசமாம். ஜவ்வாது மலை பக்கம் காய்ச்சல் உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் சேரும்போது தட்டுப்படாத மண்ணீரல், பர்மாவில் நாலு வருடம் மண் சுமந்தபிறகு தட்டுப்பட்டால், அது வேலூர் கொசு செய்த வேலையா?

'நோ' என்று எழுதினால் என்ன ஆகும்? ஊனத்துக்கான பென்ஷன் கிடையாது. கையில் கொஞ்சம் ரொக்கம், ரயில் வாரண்ட், போய் வா ராசா.

தாத்தா போய் வந்தார். காய்ச்சலும் கூடவே வந்தது. பி.டி. வகைக்கு ஒரு குணம் உண்டு. கிருமி கல்லீரலில் தூங்கிக் கிடந்து மாதக்கணக்கு கழித்தும் எழுந்து வரும். மெப்பாக்ரின் அதை அமுக்கிவைக்கும், அழிக்காது. மாத்திரையை நிறுத்தினால் திரும்ப நடுக்கம். உழவு சீசனில் படுத்துக்கொள்வாராம். "சோம்பேறி மிலிட்டரி" என்று ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்ததாக அம்மா ஒருதரம் சொல்லியிருக்கிறாள். 1971-ல் போனார். பாட்டி அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் இருந்தாள், பத்துப் பைசா பென்ஷன் இல்லாமல். எனக்குத் தெரிந்து அவள் யாரிடமும் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. கிடைக்கவேண்டியது என்று தெரிந்தால்தானே குறைப்பட?

ஆனால் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஊர் போஸ்ட் மாஸ்டரை வைத்து 1947 பிப்ரவரியில் ஒரு மனு எழுதியிருக்கிறார். பதில் அதே வருடம் நவம்பரில் வந்திருக்கிறது. இந்தத் தாள்களின் நகல்கள் நம் கைக்கு வந்ததே அந்தப் பதிலோடுதான். நடுவில் ஒரு ஆகஸ்ட் பதினைந்து வந்து போயிருக்கிறது பாருங்கள். ஆட்சி மாறியது, கொடி மாறியது. வெள்ளைக்காரன் மையில் எழுதிய 'நோ'வை நம்மாள் டைப் அடித்து அனுப்பியிருக்கிறார். வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை.

சுருக்கெழுத்தே தப்பு என்று நான் வாதாட வரவில்லை. தினம் நூறு பேர் ஸ்ட்ரெச்சரில் வந்து இறங்கும்போது டாக்டர் கட்டுரையா எழுதிக்கொண்டிருப்பார்? வியாதியின் பெயரைச் சுருக்குவது அவருடைய அவசரம். ஆனால் அந்தத் தாளில் இன்னொரு வகை எழுத்தும் இருக்கிறது. அது டாக்டருடைய அவசரம் இல்லை, கஜானாவுடைய அவசரம். இரண்டையும் ஒரே பேனாவால், ஒரே தாளில் எழுதிவிடுவதால் நமக்கு எல்லாமே மருத்துவம் மாதிரி தெரிகிறது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்தப் பிள்ளைகளிடமே இந்த வேலையைக் காட்டியது. ஷெல் வெடிப்பின் அதிர்ச்சியில் பேச்சு போனவர்கள், கை நடுங்குபவர்கள், தூங்க முடியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வர ஆரம்பித்தார்கள். 'ஷெல் ஷாக்' என்று எழுதி, பக்கத்தில் ஒற்றை எழுத்து போடச் சொன்னார்கள். டபிள்யூ என்றால் எதிரியால் வந்த காயம். சட்டைக் கையில் காயப் பட்டை குத்திக்கொள்ளலாம், பென்ஷனுக்கும் வழி உண்டு. எஸ் என்றால் வெறும் சீக்கு, இரண்டும் கிடையாது. ஒரே நடுக்கம், ஒரே ராத்திரி, ஒரே பதுங்கு குழி. எழுத்து மட்டும் வேறு.

அதிலும் டபிள்யூ கூட்டம் அதிகமாகிவிட்டதோ என்னவோ, 1917 ஜூனில் ஷெல் ஷாக் என்ற வார்த்தையையே எழுதக்கூடாது என்று உத்தரவு வந்தது. பதிலுக்கு 'என்.ஒய்.டி.என்.' என்று எழுதவேண்டும். நரம்பு சம்பந்தப்பட்டது, என்னவென்று இன்னும் தெரியவில்லை. நிஜமாகவே அவன் ஷெல் வெடிப்பில் சிக்கினானா என்று படைப்பிரிவு கமாண்டிங் ஆபீசர் எழுதிக் கொடுத்தபிறகுதான் மேற்கொண்டு பேச்சு. வைத்தியருக்குத் தெரிந்த வியாதியை வைத்தியர் எழுதக்கூடாது! இன்றைக்கு லண்டனில் யாரோ ஒரு பேத்தி இணையத்தில் சுருக்கெழுத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு தன் கொள்ளுத் தாத்தாவின் தாளைப் படித்து, "பாவம், அந்தக் காலத்து டாக்டர்களுக்கு என்ன வியாதி என்றே தெரியவில்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பாள். பட்டியலில் விரிவாக்கம் இருக்கும். அந்த எழுத்து யாருக்கு எவ்வளவு மிச்சப்படுத்தியது என்பது இருக்காது.

இந்தியச் சிப்பாய்களிடம் காட்டிய சந்தேகம் இன்னும் ஒரு படி மேலே. 1914 கடைசியில் பிரான்சில் இறங்கிய நம் ஆட்களில் நிறைய பேருக்குக் கையில் காயம். உடனே, 'தானே சுட்டுக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறான்' என்று பேச்சு. பிரைட்டன் நகரத்தில் இந்தியர்களுக்காக நடந்த கிச்சனர் மருத்துவமனையின் தலைவர் கர்னல் புரூஸ் சீட்டன், 1915-ல் ஆயிரம் காயங்களை ஒன்றொன்றாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் முடிவு. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஆயிரம் காயத்தை எண்ணவேண்டியிருந்தது, 'இவன் பொய் சொல்லவில்லை' என்று சொல்வதற்கு!

அதெல்லாம் பழைய கதை, நூறு வருடமாச்சு என்பீர்களா? இப்போதைய சுருக்கெழுத்து ஒன்றைச் சொல்லட்டுமா?

என்.ஏ.என்.ஏ. சேர்த்துப் படித்தால், நானா!

'நெய்தர் அட்ரிபியூட்டபிள் நார் அக்ரவேட்டட்.' ராணுவ சேவையால் வந்ததும் இல்லை, ராணுவ சேவையால் அதிகமானதும் இல்லை. வெளியே அனுப்பப்படும் இந்தியச் சிப்பாயின் மருத்துவ போர்டு தாளில் இந்த நாலு எழுத்து விழுந்தால் ஊன பென்ஷனுக்குக் கதவு மூடியது என்று அர்த்தம். ஆள் சேரும்போது நன்றாகத்தானே இருந்தான், யார் இப்படி ஆக்கியது என்று கேட்டால், சர்க்கார் நெஞ்சில் கை வைத்து, "நானா? நானில்லை" என்கிறது. தமிழ் தெரியாமலே என்ன பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985-ல் சிக்னல் பிரிவில் சேர்ந்தார். சேரும்போது எந்த வியாதியும் குறிக்கப்படவில்லை. வலிப்பு நோய் என்று சொல்லி 1994-ல் வெளியே அனுப்பினார்கள். பென்ஷன் கேட்டார். சேவைக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கி, 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. சேரும்போது இல்லாத வியாதி, போகும்போது இருந்தால், சேவையில் வந்ததாகவே எடுத்துக்கொள்ளவேண்டும். இல்லை என்று சொல்கிறவர்தான் காரணத்தை எழுதவேண்டும். என் பாஷையில் சொன்னால், ஆரம்ப இருப்பையும் இறுதி இருப்பையும் பார். அவ்வளவுதான். இந்தச் சாதாரண கணக்கு உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. வேலையை விட்டு அனுப்பிப் பத்தொன்பது வருடம் கழித்து.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். ரிடையர் ஆகும் நேரத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை என்று எழுதி வாங்கிக்கொண்டு, ஊன பென்ஷனுக்கான வரிச் சலுகையையும் சேர்த்து அனுபவித்த பெரிய அதிகாரிகள் உண்டு என்று ராணுவத்திலேயே பேசுகிறார்கள். கர்னலும் மறுக்கவில்லை, சிரித்தார். இந்தத் துஷ்பிரயோகத்தைத் தடுக்கத்தான் என்று சொல்லி 2023 செப்டம்பரில் புது விதிகள் வந்தன. முன்னாள் ராணுவத்தினர் பலர் எதிர்த்தார்கள். நல்லது, ஏமாற்றுகிறவரைப் பிடியுங்கள். ஆனால் வாசலை இறுக்கினால் முதலில் மூச்சு முட்டுவது யாருக்கு? நல்ல இங்கிலீஷும் நல்ல வக்கீலும் உள்ளவருக்கா, திருப்பத்தூர் பக்கத்து ஹவில்தாருக்கா? சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது என்பதே நம் கிராமங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. தாத்தாவின் ஒரிஜினல் ஏடு கிடைக்குமா என்று மாமா முன்பு ஒரு அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். வெகு நாள் கழித்து ஒரு பதில்: விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது. விதி என்னவென்று விசாரித்தேன். பென்ஷன் வாங்காதவரின் ஏடு 25 வருடம். பென்ஷன் வாங்குகிறவருடையது அதைவிட நீண்ட காலம் இருக்கும். கவனியுங்கள்! 'உனக்குப் பென்ஷன் இல்லை' என்று சொல்லப்பட்டவன்தானே வழக்குப் போடவேண்டியவன்? அவனுடைய சாட்சியம்தான் முதலில் நெருப்புக்குப் போகிறது. எந்த ஆடிட்டராவது இதற்குக் கையெழுத்துப் போடுவாரா?

பிரிட்டனில் 1940 செப்டம்பரில் ஜெர்மன்காரன் குண்டு போட்டு, முதல் உலகப் போர் சிப்பாய்களின் ஏடுகளில் பாதிக்கு மேல் எரிந்தன. கருகிப்போன மிச்சத்தைக்கூட அவர்கள் தூக்கி எறியவில்லை. 'எரிந்த ஏடுகள்' என்றே பெயர் வைத்துப் படமெடுத்துப் பாதுகாக்கிறார்கள். நமக்கு ஜெர்மன்காரன் தேவையில்லை. ரூல்ஸ் போதும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வெளியே அனுப்பப்படும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் அவன் மருத்துவத் தாளை விரித்து எழுதி, அவன் வீட்டு பாஷையில் ஒரு பக்கம் கொடுங்கள். சேரும்போது இப்படி இருந்தாய், இப்போது இப்படி இருக்கிறாய், காரணம் இது என்று நாங்கள் நினைக்கிறோம், ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த முகவரியில் முறையிடு. ஒரு பக்கம்! பேங்க்கில் நகைக்கடன் வாங்கினால்கூட இதைவிட அதிகம் தமிழில் அச்சடித்துத் தருகிறார்கள். பென்ஷன் மறுக்கப்பட்டவனின் ஏட்டைக் கொளுத்தாதீர்கள். ஸ்கேன் பண்ணி வைத்தால் ஒரு பீரோ இடம்கூட ஆகாது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் இருபத்தைந்து லட்சம் பேர். நம் பக்கத்து ஆட்கள் அதில் கொஞ்சநஞ்சமில்லை. திறந்தால் முதலில் எழுத்துக்கு விரிவு தேடாதீர்கள். சேர்ந்த நாளின் தாளையும் அனுப்பிய நாளின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள்.

மாமாவுக்குத் திரும்பவும் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். 1942-ல் பூஜ்யம், 1946-ல் மூன்று விரற்கடை, கடைசிக் கட்டத்தில் நோ. இந்த முறை அவர் குறுக்கே பேசவே இல்லை.

"இப்ப எழுதிப் போட்டா எதுனா வருமா?"

"வராது மாமா. யாருக்கு வரும்? தாத்தாவும் இல்ல, பாட்டியும் இல்ல."

"அது சரி..." என்றார். பிறகு, "அப்ப குண்டடின்னு போடவேணாம். பர்மாவுல ரோடு போட்டு, காய்ச்சல் வாங்கிட்டு வந்தவர்னே போட்டுருவோம். அந்த மூணு விரற்கடையையும் போடலாம்னு பாத்தேன். கல்லு வெட்டுறவன் எழுத்துக்கு இவ்வளவுன்னு காசு கேக்குறான் மாப்ள. எதைச் சுருக்கலாம், சொல்லு?"